ஒன்பதரை மில்லிமீட்டருக்கு உருளை கடைந்தவர்

சிதம்பரத்தில் நான் பணிபுரியும் பொறியியல் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் வெளியிடும் மலருக்காக, மறைந்த பேராசிரியர் செலின் விமலா அவர்களைப் பற்றி ஒரு நினைவஞ்சலி கேட்டிருக்கிறார்கள். அவர் மறைந்த பிறகு நடந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. மார்ச் 6. செலின் மேடத்தை அடக்கம் செய்த மறுநாள். கல்லூரியின் பிலிம் அறைக்குப் பூட்டு மாற்றப்பட்டது. அறையின் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டது. பல குடும்பங்கள் அவரை நம்பி ஒப்படைத்த பழைய பிலிம் சுருள்கள் உள்ளே இருக்கின்றன. சாவி யாரிடம் இருக்கிறது என்ற என் கேள்விக்குப் பதில் இல்லை.

2. மார்ச் 19. அவர் வடிவமைத்துச் செய்த பிலிம் இயந்திரம் வரவேற்புக் கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, கிரானைட் மேடையில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டது. அழகுக்காகத் தங்க நிற வண்ணம் அடிக்கப்பட்டது. பிலிமைத் தொடும் உருளைகளின் மீதும் அடிக்கப்பட்டது.

3. ஏப்ரல் 2. அதே இயந்திரத்தில் ஒன்பதரை மில்லிமீட்டர் பிலிமை ஓட்டுவதற்காக அவர் தனியாகக் கடைந்து வைத்திருந்த உருளைகள், "எந்த அளவுக்கும் சேராதவை" என்ற காரணத்தால் பழைய இரும்புக்குப் போடப்பட்டன.

4. ஏப்ரல் 10. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பேருந்து மாறிப் பேருந்து ஏறி, தம் சுருளைப் பற்றிக் கேட்க வந்த மதலேனம்மாள் என்ற மூதாட்டியை, "மெயில் போடுங்க" என்று வாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

5. ஏப்ரல் 21. இரங்கல் கூட்டத்தன்று, இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை திறக்கப்பட்டது. "வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட பழங்காலத் திரைப்படக் கருவி" என்று அதில் இருக்கிறது. அந்தக் கருவியைச் செய்தவரின் படத்துக்கு மாலை அணிவித்த கல்லூரிச் செயலரின் கையே பலகையின் திரையையும் விலக்கியது.

இனி அவரைப் பற்றி எழுதுகிறேன். நான் எழுத விரும்புவதும் அதைத்தான்.

செய்தி வந்தபோது நான் முதலாமாண்டு மாணவர்களுக்கு வில்லைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. செலின் மேடத்தின் கணவர் இருதயராஜ். கடலூர் முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். வகுப்பு நேரத்தில் அழைக்கிறவர் அல்லர். எடுத்தேன்.

"பிசிக்ஸ் சார், செலின் போயிட்டா. காலையில" என்றார். பிறகு, "நீங்க கிளாஸ முடிச்சிட்டே வாங்க. பாதியில வுட்டுட்டு வந்தா அவளுக்குப் பிடிக்காது" என்றார்.

முடித்துவிட்டுத்தான் போனேன். கரும்பலகையில் வரைந்திருந்த ஒளிக்கதிர்கள் குவிய வேண்டிய புள்ளியில் குவிந்தன. அதற்குமேல் அந்த வகுப்பைப் பற்றி எனக்கு நினைவில்லை.

எனக்கு "பிசிக்ஸ்" என்று பெயர் வைத்தவர் அவர்தான். பல ஆண்டுகளுக்கு முன், காலைப் பாசஞ்சர் ரயிலில். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவேன். அவர் அடுத்த நிலையமான துறைமுகம் சந்திப்பில் ஏறுவார். இயந்திரவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பேராசிரியர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒருநாள் நேராக வந்து எதிரில் உட்கார்ந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நீங்கதானே பிசிக்ஸ்?"

"ஆமாம்."

"எனக்கு சூடாவாத வெளிச்சம் ஒண்ணு வேணும்."

எதற்கென்று கேட்டேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். முதுநகரில் அவர் வழிபடும் தேவாலயமான பங்குக் கோயிலில் பழைய பீரோ ஒன்றைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அடியில் ஒரு தகர டப்பாவுக்குள் பதினாறு மில்லிமீட்டர் பிலிம் கிடைத்திருக்கிறது. எப்போதோ ஒரு பாதிரியார் எடுத்த தேர்ப்பவனி. "நீங்க மெக்கானிக்கல்தானே, ஓட்டிக் காட்டுங்க" என்று பங்கு மக்கள் அவரிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கிருந்தோ ஒரு பழைய புரொஜெக்டரை இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறார். பிலிமின் ஓரத் துளைகளில் பற்சக்கரம் ஏறியதும் பிலிம் கிழிந்திருக்கிறது. உடனே நிறுத்திவிட்டார்.

"பழைய பிலிம் காஞ்சு சுருங்கிப் போயிருக்கு பிசிக்ஸ். ஓட்டைக்கு ஓட்டை இருந்த தூரம் இப்ப இல்ல. சக்கரத்துப் பல்லு மட்டும் பழைய தூரத்துலேயே நிக்குது. கடிக்காம என்ன பண்ணும்?"

"பல்லே இல்லாத சக்கரம் வைத்தால் பிலிம் வழுக்கிவிடுமே?"

"வழுக்காம நான் பாத்துக்கறேன். எந்தப் படம் எப்ப வருதுன்னு நீங்க பாத்துக்குங்க."

எங்கள் வேலைப் பிரிவினை அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பிலிமை இழுப்பதும் தாங்குவதும் அவர் பொறுப்பு. ஓரத் துளை கடந்து போவதை ஒரு சிறு ஒளியுணரி வழியே கண்டறிந்து, சரியான கணத்தில் கேமராவைக் கொண்டு ஒவ்வொரு படத்தையும் பதிவு செய்வது என் பொறுப்பு. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வீடுகளிலும் கோயில்களிலும் கொட்டகைகளிலும் எடுக்கப்பட்ட பிலிம்கள் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. வீட்டுக் கல்யாணங்கள் பெரும்பாலும் எட்டு மில்லிமீட்டர். பள்ளிகளும் கோயில்களும் பயன்படுத்தியது பதினாறு. கொட்டகைகளில் ஓடியது முப்பத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் ஓர் இயந்திரம் என்பதுதான் வழக்கம். செலின் மேடம் செய்தது ஒரே இயந்திரம். உருளைகளை மட்டும் கழற்றி மாற்றினால் போதும், எந்த அகலமும் அதில் ஓடும். படம் பதிந்திருக்கும் பகுதியை எந்த உருளையும் தொடாது. ஓரத்தை மட்டும் ஏந்திக்கொள்ளும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது அப்படி இல்லை. பிலிமை இழுக்கும் உருளைக்கு முதலில் இருதயராஜின் கடையிலிருந்து சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டினார். அது வெற்று பிலிமில் கருப்பாக ஒட்டியது. பிறகு வேறு ரப்பர். அது இழுக்கவே இல்லை. ஒவ்வொரு தோல்விக்கும் டியூப் கேட்டு ஆள் அனுப்புவார்.

"என் கடை டியூப்பெல்லாம் சினிமாவுக்குப் போயிடுச்சு. ஊர்க்காரன் சைக்கிளத் தள்ளிக்கிட்டுதான் போறான்" என்று இருதயராஜ் என்னிடம் புகார் சொல்வார்.

"போகட்டும், நடந்தா உடம்புக்கு நல்லது" என்று மேடம் லேத்திலிருந்து திரும்பாமலே பதில் சொல்வார்.

கடைசியில் மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிக்கான் குழாயை இழுத்து மாட்டிய உருளைதான் சரியாக வந்தது. அது பிலிமைப் பிடித்தது, ஆனால் பிடித்த தடம் விடவில்லை. தேர்ப்பவனி ஓடியது. பங்கு மக்கள் எல்லாரும் எங்கள் ஆய்வகத்துக்கு வேன் பிடித்து வந்து, தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். தேரைத் தூக்கிப் போகிறவர்களில் ஒருவரைக் காட்டி, "எங்கப்பா, எங்கப்பா" என்று ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்தவர்கள், "தெரியுது மாமா, உக்காருங்க, எங்கப்பா வரப் போறாரு" என்றார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு சுருள்கள் வரத் தொடங்கின. அப்போதைய முதல்வர் கல்லூரியிலேயே ஓர் அறையை ஒதுக்கி, குளிர்சாதனமும் பொருத்திக் கொடுத்தார். அவருக்கு என் நன்றியைச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். ஆனால் அவர் கேட்டதையும் செலின் மேடம் ஒருமுறை மறுத்துவிட்டார்.

வெளியூரிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். முதல்வர் அவர்களை அறைக்கு அழைத்து வந்தார்.

"செலின், கெஸ்ட் வந்திருக்காங்க. ஏதாச்சும் ஒரு ரீல ஓட்டிக் காட்டுங்க."

"வெள்ள பிலிம் இருக்கு சார். ஓட்டறேன்."

"வெள்ள பிலிம்ல என்ன தெரியும்? அந்தக் கல்யாண ரீல் வந்திருக்குன்னு சொன்னீங்களே, அதப் போடுங்க."

"அது அண்ணாகிராமத்துக்காரங்க வீட்டுக் கல்யாணம் சார். நமக்குப் பத்திரிகை வெச்சாங்களா?"

"எப்பவோ நடந்து முடிஞ்ச கல்யாணம்மா அது."

"அதான் சார். இனிமே பத்திரிகை அடிக்கக்கூட வழியில்ல. அவுங்க வந்து உக்காந்தாத்தான் நாம பாக்கலாம்."

முதல்வர் சிரித்துவிட்டார். விருந்தினர்கள் வெற்று பிலிம் ஓடுவதை நெடுநேரம் பார்த்தார்கள். திரையில் வெறும் வெளிச்சம். முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

இது வேடிக்கையாகச் சொன்ன பதில் இல்லை. அவருடைய வேலையின் சட்டம் அது. சுருளுக்கு உரியவர்கள் வந்து நாற்காலியில் உட்காராமல் எந்தச் சுருளையும் அவர் ஓட்டியதில்லை. சோதனைக்குக்கூட இல்லை. அழைக்கப்படாத வீட்டு விசேஷத்துக்கு எட்டிப் பார்ப்பது நம் பக்கத்தில் எவ்வளவு கேவலமோ, அவ்வளவு கேவலமாக அதை நினைத்தார். வர முடியாதவர்களுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். அறையில் சுருள்கள் சேர்ந்துகொண்டே போனதற்கு அதுதான் காரணம். இதைத் தேக்கம் என்று பின்னாளில் ஒரு கூட்டத்தில் குறிப்பிட்டார்கள். நான் மறுத்தேன். இப்போதும் மறுக்கிறேன்.

அந்த அண்ணாகிராமத்துக் குடும்பம் சில வாரங்கள் கழித்து வந்தது. முந்திரித் தோப்பு வைத்திருக்கும் தணிகாசலம், அவர் மனைவி, கூடவே தோளில் ஒரு பலாப்பழம். சிங்கப்பூரில் வேலை பார்த்த மைத்துனர் லீவில் வந்தபோது எடுத்த எட்டு மில்லிமீட்டர் கல்யாணம் அது. ஓட ஆரம்பித்ததும் தணிகாசலம் பொறுமையிழந்தார்.

"மச்சான் கேமராவ எங்க புடிச்சிருக்கான் பாரு. பொண்ணு மாப்பிள்ளைய வுட்டுட்டு பந்தக்காலையே எடுத்திருக்கான்."

"என் அண்ணன ஒண்ணும் சொல்லாத. நீ எங்க மணவறையில இருந்த? பந்தி நடக்கற எடத்துல நிக்கிற, பாரு" என்றார் மனைவி.

படம் முடியும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். முடிந்ததும் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடம், நீங்க பாக்கவே இல்லியே" என்றார். உண்மைதான். செலின் மேடம் நாற்காலிகளுக்குப் பின்னால் இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பிலிமின் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிலிம் என்னுது, பாத்தேன். படம் உங்களுது" என்றார்.

மதலேனம்மாள் வந்தது அதற்கு வெகுநாள் கழித்து, இரண்டு மழைக்காலங்களுக்கு முன்பு. எழுபதைத் தாண்டிய, சிறிய உருவம். எவர்சில்வர் தூக்குச் சட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய சின்னச் சுருள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் பார்த்துவிட்டு, பதினாறு மில்லிமீட்டரை யாரோ நறுக்கியிருக்கிறார்கள் என்றேன். மேடம் வெர்னியரை வைத்து அளந்தார்.

"ஒம்பதரை. நறுக்கினதில்ல, பொறந்ததே ஒம்பதரை. ஓட்டை எங்க இருக்கு பாருங்க."

துளை ஓரத்தில் இல்லை. நடுவில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் வீடுகளில் புழங்கிய அளவு அது. புதுச்சேரியை ஒட்டிய நம் ஊர்களில் அது வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

"எங்கப்பா சொல்தா" என்றார் மதலேனம்மாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். "சைகோன்ல இருந்தாரு. லீவுல வரசொல்ல, சாவி குடுத்து ஓட்டற கேமரா ஒண்ணு கொண்டாந்தாரு. எங்கம்மா இதுல நடந்து வராங்களாம். அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் கைக்குழந்தையா இருக்கசொல்லவே அம்மா போய்ச் சேந்துட்டாங்க. மூஞ்சி ஞாபகமில்ல. போட்டோவும் இல்ல."

"இதுவரைக்கும் இத யாரும் ஓட்டிக் காட்டலியா?" என்று மேடம் கேட்டார்.

"ரெண்டு எடத்துல குடுத்தேன். இந்த அளவே கெடையாதும்மா, உங்கப்பா ஏமாந்துட்டாருன்னு சொல்லிட்டாங்க."

"உங்கப்பா ஏமாறல. கொஞ்ச நாள் குடுங்க."

சுருளை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வினிகர் போன்ற காடி வாடை, லேசாக. பழைய பிலிம் சிதையத் தொடங்கும்போது வரும் வாடை அது. வெப்பத்தில் அது வேகம் பிடிக்கும். பிலிம் சுருங்கி, வளைந்து, ஒரு கட்டத்தில் எதற்கும் உதவாமல் போகும். குளிர்ந்த அறையில் அந்த வேகம் குறையும், அவ்வளவுதான். அன்றே சுருளை அறையின் மிகக் குளிர்ந்த மூலையில் வைத்தார்.

மற்ற அளவுகளில் துளை இருக்கும் ஓரம் காலியாக இருக்கும், உருளை அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒன்பதரையில் படம் ஏறக்குறைய விளிம்புவரை நிரம்பியிருக்கும். தொடுவதற்கு இடமே இல்லை. அவர் பல மாதிரிகள் கடைந்தார். கடைசியில், நடுப்பக்கம் குழிந்து, இரு விளிம்புகளையும் மயிரிழை அளவுக்கு மட்டும் ஏந்திக்கொள்ளும் சரிவான உருளைகளைச் செய்தார். துளை நடுவில் வந்ததால் என் ஒளியுணரியும் இடம் மாற வேண்டியிருந்தது. நான் நிறைய முணுமுணுத்தேன்.

"ஊட்டுக்கு மாப்ள வந்திருக்காரு பிசிக்ஸ். நம்ம ஊட்டு அளவு எதுவும் இவருக்கு ஆவாது. தனியா எல போட்டுத்தான் ஆவணும். நீங்க கொஞ்சம் நவுந்து உக்காருங்க" என்றார். அதன்பின் எங்கள் இருவருக்கும் அந்த உருளைகள் "மாப்பிள்ளை செட்" ஆயின.

அவர் நோயுற்றிருக்கிறார் என்பது அந்த மாதங்களில்தான் தெரிந்தது. வாரத்தில் சில நாள் புதுச்சேரியில் சிகிச்சை. மற்ற நாள்களில் லேத்தின் முன்னால். இருதயராஜ் ஒருநாள் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"ஊசி போட்டுக்கிட்டு வந்து லேத்துல நிக்கிறா சார். நீங்களாச்சும் சொல்லுங்க."

"ஊசி இடது கையில. எனக்கு இந்தக் கைதான் வேணும்" என்று வலது கையைக் காட்டினார் மேடம். "ஒரு பக்கமா நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க."

இருதயராஜ் ஒரு பக்கமாகத்தான் நின்றார். மாலைவரை நின்றார். இருவரும் ஒன்றாக ரயிலேறிப் போனார்கள். மறுநாளும் அவரே கொண்டுவந்து விட்டார்.

தை முடிவில் உருளைகள் தயாராயின. சோதித்துப் பார்க்க மதலேனம்மாளின் சுருளைத் தொட மேடம் சம்மதிக்கவில்லை. வெற்றுப் பதினாறு மில்லிமீட்டர் பிலிமை ஒன்பதரைக்கு நறுக்கி, நடுவில் கையாலேயே துளையிட்டு, அதை ஓட்டினார். எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடியது. இறங்கிய பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. மதலேனம்மாளுக்குத் தொலைபேசியில் நாளைக் குறித்துச் சொன்னார். அந்த நாள் வருவதற்குள் அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

கடைசியாக அவரைப் பார்த்தது அங்கேதான். இருதயராஜ் கஞ்சி வாங்கப் போயிருந்தார். பேசினால் மூச்சு வாங்கியது. ஆனாலும் என்னைக் கண்டதும் கையைத் தூக்கி, சலைன் குழாயில் மாட்டியிருந்த சின்ன பிளாஸ்டிக் உருளையைக் காட்டினார். சொட்டும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் நர்சுகள் நகர்த்துவார்களே, அது.

"இதப் பாருங்க. பல்லே கெடையாது. குழாய நோவாம புடிச்சிருக்கு. எவனோ நல்லா யோசிச்சிருக்கான்."

"நீங்கள் யோசித்ததைவிடவா?"

"என்னோடது தடம் வுடாது. இது வுடுது, பாருங்க" என்று குழாயில் அழுந்தியிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு சொன்னார்: "நான் வந்துட்டா நானே ஓட்டறேன். வரலன்னா நீங்க ஓட்டுங்க பிசிக்ஸ். வெயில் காலத்துக்கு முன்னாடி. ஆனா அவுங்க உக்காந்திருக்கணும். அவுங்க அம்மாவ நாம மொதல்ல பாக்கக் கூடாது."

அப்படியே செய்வதாகச் சொன்னேன். என் வாழ்நாளில் வேறு யாருக்கும் இவ்வளவு எளிதாக வாக்குக் கொடுத்ததில்லை. உருளைகள் தயார், இயந்திரம் தயார், சுருள் குளிரில் இருக்கிறது. தடையென்று எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

தடைகளைத் தேதிவாரியாக முதலிலேயே எழுதிவிட்டேன்.

உருளைகள் பழைய இரும்புக்குப் போன செய்தி தெரிந்த அன்று மாலையே, சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் ஒரு சாக்கைக் காட்டினார்.

"காலேஜ் சரக்கா? அதுல கொட்டியிருக்கு, பாத்துக்குங்க."

உடைந்த பைப்புகளுக்கும் நாற்காலிக் கால்களுக்கும் நடுவில் அவை இருந்தன. அவரும் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பம்பரமா? ஆணியக் காணமே."

"பழைய பிலிம் ஓட்டுகிற உருளை."

"கண்ணாடி மாதிரி கடைஞ்சிருக்கு. இத யாரு சார் தூக்கிப் போட்டது?"

நான் பெயர் சொல்லவில்லை.

"நல்லவேள, நாளைக்கு நசுக்கறதுக்கு லோடு ஏத்தறோம். எடுத்துக்குங்க. இங்க வெச்சிருந்து நான் இன்னா பண்ணப் போறேன்" என்று ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அவருக்கும் இந்தக் கட்டுரையில் நன்றி சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக விளக்கொளியில் திருப்பிப் பார்த்தேன். விளிம்புகள் பழுதாகவில்லை.

வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு மதலேனம்மாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கோபப்படவில்லை.

"மேடம் ஆத்துமாவுக்குக் கோயில்ல பூசை வெச்சேன் சார். அவுங்க இல்லன்னா இன்னா, நீங்கதான் இருக்கீங்களே. எப்ப வரட்டும்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "சரி சார். நான் எங்கயும் போவல, ஊட்லதான் இருக்கேன்" என்றார்.

செலின், உங்களோடு வேலை செய்த ஆண்டுகளில் ஒளியைப் பற்றி நான் படித்த எல்லாவற்றுக்கும் ஒரு பயன் கிடைத்தது. ஒரு பொருளைக் காயப்படுத்தாமல் பிடிக்க முடியும் என்று உங்கள் உருளைகளில் பார்த்தேன். பிறருடைய வீட்டுக்குள் எப்போது தலையை நீட்டக் கூடாது என்பதையும் உங்களிடம் பார்த்தேன். ரயிலில் வந்து எதிரில் உட்கார்ந்ததற்கும், வணக்கம் சொல்லி நேரத்தை வீணாக்காததற்கும், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாததற்கும் நன்றி. போய் வாருங்கள். உங்கள் வேலையில் மிச்சமிருப்பது ஒரு சின்னச் சுருள்தான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி கல்லூரிச் செயலர் அவர்களுக்கு.

இயந்திரம் யாருடைய சொத்து என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. கல்லூரியுடையதாகவே இருக்கட்டும். நான் கேட்பவை இவை. பிலிம் அறை திறக்கப்பட்டு, குளிர்சாதனம் இன்றே இயக்கப்பட வேண்டும். மேடையிலிருந்து இயந்திரத்தை ஒரு நாளுக்கேனும் கழற்றித் தர வேண்டும். உருளைகளில் அடித்த வண்ணத்தை இருதயராஜ் அவர்களும் நானும் நீக்கிக்கொள்கிறோம். ஒன்பதரை மில்லிமீட்டர் உருளைகள் என்னிடம் பத்திரமாக உள்ளன. மதலேனம்மாளை அழைத்துவர நானே மேல்பட்டாம்பாக்கம் செல்வேன். அவர் முன்னிலையில் அவருடைய சுருள் ஓட்டப்பட வேண்டும். அவர் அழைக்காத எவரும் அப்போது அறையில் இருக்கக் கூடாது. தாங்களும் கூடாது. பலகையில் இருப்பது பொய். அது அகற்றப்பட்டு, அந்த இயந்திரத்தை இந்தக் கல்லூரியின் பட்டறையில் செய்தவர் பேராசிரியர் செலின் விமலா என்று எழுதப்பட வேண்டும்.

மே 4 அன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. பூட்டிய அறையில் அந்த வெப்பத்தை அந்தச் சுருள் தாங்காது. தாங்கும் என்று கருதினால், அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். மே 3 மாலை ஐந்து மணிக்குள், தங்கள் கையெழுத்துடன் எனக்குப் பதில் வந்து சேர வேண்டும். பதில் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.